நான் அனுப்பிய மெசேஜைப் படித்துக்கொண்டே கார் ஓட்டினார்: என் கணவருக்கு என்ன தண்டனை வரும்?

கேள்வி: சார், நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பம். என் கணவருக்குப் புதுச்சேரியில் வேலை, தினமும் காரில் போய்வருகிறார். போன வாரம் ஒருநாள் ராத்திரி அவர் கிளம்பிவிட்டார் என்று தெரிந்தும், "பாப்பாவுக்கு ஜுரம், எங்க இருக்கீங்க, மருந்து வாங்கிட்டு வாங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் ஓட்டிக்கொண்டே பதில் அடித்திருக்கிறார். கன்னியகோவிலுக்குக் கொஞ்சம் முன்னால், சைக்கிளில் போன ஒரு பெரியவர் மேல் கார் மோதிவிட்டது. இவர் ஓடவில்லை, 108-க்கு போன் செய்து கூடவே ஜிப்மர் வரைக்கும் போனார். பெரியவருக்குத் தொடை எலும்பு முறிவு, தலையிலும் அடி, இன்னும் நினைவு திரும்பவில்லை. புதுச்சேரி போலீஸ் வழக்குப் போட்டு ஜாமீனில் அனுப்பிவிட்டார்கள், போனை இன்னும் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சாட்டை அழித்துவிடு, மேப் பார்த்தேன் என்று சொல்லச் சொல்லு, பணம் கொடுத்து முடித்துவிடலாம், ஏதாவது ஆனாலும் ரெண்டு வருஷம்தான், அதுவும் ஃபைன் கட்டினால் போச்சு என்கிறார்கள். என் மேலும் வழக்கு வருமா? அவர் இப்போது கார் ஓட்டலாமா?

பதில்: சகோதரி, உங்கள் மேல் வழக்கு வராது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதம் முழுக்க இந்தப் பயம்தான் இருக்கிறது. ஒருவர் செய்த குற்றத்துக்கு இன்னொருவரையும் சேர்க்க வேண்டுமானால், அவர் தூண்டியிருக்க வேண்டும், இல்லை கூட்டுச் சதி செய்திருக்க வேண்டும், இல்லை தெரிந்தே உதவி செய்திருக்க வேண்டும். குழந்தைக்கு ஜுரம், மருந்து வாங்கிவாருங்கள் என்று மனைவி எழுதுவது இந்த மூன்றில் எதிலும் வராது. ஓட்டும்போது போனை எடுப்பதும் எடுக்காததும் ஸ்டீயரிங் பிடித்திருப்பவர் கையில் இருக்கிறது, சட்டமும் அவரைத்தான் கேட்கும்.

இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் தோன்றியதும் இல்லை. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில், மெசேஜ் பார்த்துக்கொண்டே ஓட்டிய 18 வயதுப் பையன் பைக்கில் வந்த கணவன் மனைவி மேல் மோதி, இரண்டு பேருமே ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். மெசேஜ் அனுப்பிய 17 வயதுப் பெண்ணையும் சேர்த்து அவர்கள் இழப்பீடு கேட்டார்கள். 2013-இல் அங்கிருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம், எதிராளி வண்டி ஓட்டுகிறார், ஓட்டிக்கொண்டே படிக்கவும் செய்வார் என்று தெரிந்தே அனுப்பினால் அனுப்பியவருக்கும் பொறுப்பு வரலாம் என்று சொன்னது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அப்படித் தெரிந்திருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அவரை விடுவித்தது. அதுவும் நஷ்டஈட்டு வழக்குதான், ஜெயில் விஷயம் இல்லை. நம் ஊரில் அப்படி ஒரு பொறுப்பை எழுதிய சட்டம் கிடையாது. இனி அவர் வண்டியில் இருக்கிறார் என்று தெரிந்தால் மெசேஜ் போடாதீர்கள், அவ்வளவுதான் உங்கள் பங்குக்கு நான் சொல்வது.

சரி, அந்த சாட்டுக்கு வருகிறேன். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், அவர் போனிலும் சரி, உங்கள் போனிலும் சரி. ஆதாரமாகத் தேவைப்படும் மின்னணுப் பதிவை, அது நீதிமன்றத்துக்கு வரக்கூடாது என்ற நோக்கத்தில் அழிப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆவது பிரிவில் தனிக் குற்றம், அதற்கு 3 வருஷம் வரை சிறை உண்டு. இப்போது அவர் மேல் இருப்பது கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டு. அழித்தால் அதற்கு மேல் வேண்டுமென்றே செய்த குற்றம் ஒன்று சேரும், அதில் நீங்களும் உள்ளே வருவீர்கள். மெசேஜ் அனுப்பியதற்காக வராத வழக்கு, அதை அழித்ததற்காக உங்கள் மேலேயே வரும். உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், ஆனால் எஃப்.ஐ.ஆரில் இல்லாத உங்கள் பெயரை அதில் எழுதவைக்கும் யோசனை இது.

அழித்தாலும் அழியாது என்பது வேறு விஷயம். எல்லோருக்கும் அழித்தால் அந்த இடத்திலேயே செய்தி நீக்கப்பட்டது என்று நிற்கும். ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கம் இருக்கும், நீல டிக் எத்தனை மணிக்கு விழுந்தது என்பது உட்பட. போன் கம்பெனியிடம் அழைப்பு விவரமும், எந்த நேரத்தில் எந்த டவரில் இன்டர்நெட் ஓடியது என்ற விவரமும் இருக்கும், தடயவியல் ஆய்வகத்துக்குப் போனால் அழித்ததையும் எடுக்கப் பார்ப்பார்கள். அப்புறம் 108-க்கு அவரே செய்த அழைப்பின் நேரம் துல்லியமாக அரசுப் பதிவில் இருக்கிறது. கடைசி மெசேஜுக்கும் அந்த அழைப்புக்கும் நடுவில் எத்தனை நிமிஷம் என்று பார்ப்பதற்கு ஒரு விசாரணை அதிகாரிக்குப் பெரிய திறமை தேவையில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் போய் ஒப்பிக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 20(3) சொல்கிறது, போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தை வைத்துக் குற்றத்தை நிரூபிக்கவும் முடியாது. கணவன் மனைவிக்குள் பேசிக்கொண்டதைச் சொல்லும்படி உங்களையும் வற்புறுத்த முடியாது, அது சாட்சியச் சட்டத்தில் 128-ஆவது பிரிவு. ஆனால் அந்தப் பாதுகாப்பு உங்கள் வாய்க்குத்தான், அவர் போனை முறையாகக் கைப்பற்றி அதிலிருந்து எடுப்பதை அது தடுக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். சுருக்கமாகச் சொன்னால் பேசாமல் இருக்க அவருக்கு உரிமை இருக்கிறது, பொய் சொல்லவோ அழிக்கவோ கிடையாது. இதை நான் அவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்த வகை வழக்குகளில் விபத்து நடந்த நிமிஷத்தைவிட அதற்கு அடுத்த பத்து நாளில் குடும்பம் செய்கிற காரியங்கள்தான் பல சமயம் ஆளைக் கவிழ்க்கின்றன.

மேப் பார்த்தேன் என்று சொல்லச் சொன்னார்களே, அது பொய் என்பதோடு உபயோகமும் இல்லாதது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020-இல் செய்த திருத்தம் வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்த இடம் தருகிறது, ஆனால் ஓட்டுபவரின் கவனம் சிதறாத விதத்தில் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒரு ஆள்மேல் மோதிய பிறகு கவனம் சிதறவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தினமும் போய்வருகிற மஞ்சக்குப்பம் ரோட்டுக்கு மேப் எதற்கு என்று முதல் குறுக்குக் கேள்வியிலேயே கேட்டுவிடுவார்கள்.

இப்போது பிரிவுகள். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் பழைய இந்திய தண்டனைச் சட்டம் இல்லை, பாரதிய நியாய சன்ஹிதாதான். பலரும் இன்னும் சொல்லும் 279, 338, 304ஏ எல்லாம் பழைய எண்கள். எண் மட்டும் மாறியிருந்தால் பரவாயில்லை, தண்டனையும் மாறியிருக்கிறது. பொது வழியில் ஆபத்தாக ஓட்டியதற்கு 281-ஆவது பிரிவு, 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கவனக்குறைவால் கொடுங்காயம் ஏற்படுத்தியதற்கு 125(பி), 3 வருஷம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். எலும்பு முறிந்தாலே சட்டத்தில் அது கொடுங்காயம்தான், ஆகவே தொடை எலும்பு முறிவு ஒன்றே 125(பி)-க்குப் போதும். எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இந்த இரண்டும் இருக்கும். இரண்டுமே ஜாமீனில் விடக்கூடியவை, அதனால்தான் ஸ்டேஷனிலேயே விட்டிருக்கிறார்கள். விட்டதால் வழக்கு சின்னது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்ததை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் நான் பதில் சொன்னதாக ஆகாது. அந்தப் பெரியவர் பிழைத்து எழுந்து வர வேண்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன். ஒருவேளை அவர் இறந்துவிட்டால், அது எத்தனை வாரம் கழித்தானாலும் இந்தக் காயத்தால்தான் என்று மருத்துவ அறிக்கை சொன்னால், போலீஸ் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்துப் பிரிவை மாற்றுவார்கள். 125(பி) போய் 106(1) வரும், கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்துதல். பழைய 304ஏ-யில் அதிகபட்சம் 2 வருஷம், அபராதத்தோடு விடவும் இடம் இருந்தது. 106(1)-இல் 5 வருஷம் வரை சிறை, அதோடு அபராதமும் என்று எழுதியிருக்கிறார்கள், அபராதம் மட்டும் கட்டிவிட்டு வருகிற வழியை மூடிவிட்டார்கள். 'ரெண்டு வருஷம்தான், ஃபைன் கட்டினால் போச்சு' என்ற பேச்சுக்கு இனி சட்டத்தில் இடமில்லை. அப்போதும் இது ஜாமீனில் விடக்கூடிய பிரிவுதான், அந்த விஷயத்தில் பயப்பட வேண்டாம்.

விபத்து செய்துவிட்டு ஓடினால் 10 வருஷம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 106(2). 2024 ஜனவரியில் நாடு முழுக்க லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தது அதற்காகத்தான், அதன்பிறகு மத்திய அரசு அந்த உட்பிரிவை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவராமல் நிறுத்திவைத்தது. எப்படியும் உங்கள் கணவருக்கு அது பொருந்தாது. அவர் நின்றார், 108-ஐக் கூப்பிட்டார், கூடவே போனார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு ஓட்டுநரிடம் எதிர்பார்ப்பதும் இதைத்தான். தண்டனை பற்றிப் பேச்சு வரும் நாளில் அவருக்காக ஒரு வக்கீல் எடுத்து வைக்கக்கூடிய மிகப் பெரிய விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

கொலை ஆகாத மரணம் விளைவித்தல் என்ற 105-ஆவது பிரிவு போடுவார்களா என்றும் யாராவது பயமுறுத்துவார்கள். சாவு வரும் என்று தெரிந்தே செய்தால் வருகிற பிரிவு அது, 10 வருஷம் வரை சிறை. 2006-இல் மும்பை கார்ட்டர் ரோட்டில் குடிபோதையில் ஓட்டிய கார் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் ஏறி 7 பேர் இறந்தார்களே, அந்த வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் இதே மாதிரியான பழைய பிரிவை உறுதிசெய்து 3 வருஷச் சிறையை நிலைநிறுத்தியது. குடித்திருக்கவில்லை, ஓடவில்லை, ஒரு மெசேஜுக்குப் பதில் அடித்தார் என்றால் வழக்கமாக 106 அளவில்தான் நிற்கும்.

சரி, இதில் போனுக்கு என்ன இடம்? பலருக்கும் குழப்பம் இங்கேதான். போன் பேசினால் ஆயிரம் ரூபாய் ஃபைன் என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் மனப்பாடம், அதனால் அது ஆயிரம் ரூபாய்க் குற்றம் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது ரோட்டில் நிறுத்திப் பிடித்து, யாருக்கும் எதுவும் ஆகாதபோது வாங்குகிற பணம். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு, கையில் பிடித்த போனைப் பயன்படுத்துவதையே அபாயகரமாக ஓட்டுவதற்கு ஓர் உதாரணமாகப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. முதல் தடவைக்கே 6 மாதத்திலிருந்து 1 வருஷம் வரை சிறை, அல்லது 1,000-இலிருந்து 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போன் விஷயம் வெளியே வந்தால் இந்தப் பிரிவையும் சேர்க்கலாம்.

மெசேஜ் அடித்துக்கொண்டே ஓட்டி ஆளைக் காயப்படுத்துவதற்கு என்று தனிக் குற்றம் நம் சட்டத்தில் கிடையாது. சில நாடுகளில், சில மாநிலங்களில் உண்டு. அமெரிக்காவில் யூட்டா மாநிலம் 2009-லேயே, மெசேஜ் அடித்து ஓட்டி உயிர் போனால் 15 வருஷம் வரை சிறை என்று சட்டம் போட்டது. மாசசூசெட்ஸில் 2012-இல் ஒரு 18 வயதுப் பையனுக்கு இரண்டரை வருஷத் தண்டனை கொடுத்து, அதில் ஒரு வருஷம் சிறையில் இருக்க வைத்து, 15 வருஷத்துக்கு லைசென்ஸையும் பறித்தார்கள். இங்கிலாந்தில் 2016-இல், போனில் பாட்டு மாற்றிக்கொண்டே லாரி ஓட்டியவர் முன்னால் நின்ற கார்மேல் ஏற்றி ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் இறந்தார்கள். அவருக்கு 10 வருஷம். 2022-இல் அங்கே அபாயகரமாக ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்துவதற்கான உச்சபட்சத் தண்டனையையே ஆயுள் தண்டனையாக உயர்த்திவிட்டார்கள்.

இங்கே போன் தனிக் குற்றமாக வராமல், கவனக்குறைவுக்கு ஆதாரமாக வருகிறது. சாதாரண விபத்து வழக்கில் அரசுத் தரப்புக்குக் கஷ்டமே கவனக்குறைவை நிரூபிப்பதுதான். வேகமாக வந்தான் என்று சாட்சி சொல்வார், எவ்வளவு வேகம் என்றால் தெரியாது என்பார், வழக்கு அங்கேயே நொண்டும். மெசேஜ் நேரம் அப்படி இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்குப் பதினாறு பதினேழு மீட்டர் போகிறது, திரையைப் பார்த்து நாலு வார்த்தை அடிக்க 5 விநாடி என்றால்கூட 83 மீட்டர். ராத்திரி வேளையில், சைக்கிளும் டூவீலரும் கலந்து போகிற அந்த ரோட்டில், அவ்வளவு தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததாகத்தான் நீதிபதி அதைப் பார்ப்பார். போனை எடுத்தது யாரும் கட்டாயப்படுத்தாத, அவரே செய்த ஒரு முடிவு. நானும் அப்படித்தான் பார்க்கிறேன், உங்கள் கணவருக்கு வக்கீலாக வருபவரும் உள்ளுக்குள் அப்படித்தான் பார்ப்பார்.

அதற்காக வாதமே இல்லை என்று அர்த்தம் இல்லை. போனைப் பார்த்தார் என்பது மட்டும் போதாது, பார்த்ததால்தான் மோதினார் என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். மெசேஜுக்கும் மோதலுக்கும் நடுவில் இடைவெளி இருந்ததா, சைக்கிளில் லைட்டோ ரிஃப்ளெக்டரோ இருந்ததா, பெரியவர் ஓரமாகப் போனாரா திடீரென்று குறுக்கே திரும்பினாரா, அந்த இடத்தில் தெருவிளக்கு எரிந்ததா, பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து என்ன எழுதினார், இதெல்லாம் கணக்கில் வரும். பக்கத்துக் கடைகளில் கேமரா இருந்தால் அந்தப் பதிவு சில நாளில் மேலெழுதி அழிந்துவிடும். அது உங்கள் பக்கம் பேசுமா எதிர்ப்பக்கம் பேசுமா என்று தெரியாவிட்டாலும், அதைப் பாதுகாக்கச் சொல்லி உங்கள் வக்கீல் மூலம் இப்போதே எழுதிக் கொடுங்கள்.

பணம் கொடுத்து முடிப்பது பற்றி. 125(பி)-யில் காயம்பட்டவரே நீதிமன்ற அனுமதியோடு சமரசத்துக்கு வரலாம், சட்டம் இடம் தருகிறது. ஆனால் பெரியவருக்கு நினைவே திரும்பவில்லை, அவர் சார்பில் மகனோ மருமகனோ வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது சமரசம் ஆகாது. 281-ஐ சமரசம் செய்ய முடியாது, 106-ஐயும் முடியாது. பஞ்சாப் வழக்கு ஒன்றில் 2 பேர் இறந்திருந்தார்கள். குடும்பத்துக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் தண்டனையை 24 நாளாகக் குறைத்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் 6 மாதமாக உயர்த்தியது, பணம் கொடுத்ததால் மட்டும் குற்றம் கரைந்துவிடாது என்பதுதான் அதன் சாரம். சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைச் சட்டத்தில் விடச் சொல்லிக் கேட்பதையும் உயிர்போன விபத்து வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2000-லேயே ஊக்கப்படுத்தவில்லை.

ஆனாலும் அந்தக் குடும்பத்துக்கு உதவுங்கள். வழக்குக்காக இல்லை, அங்கே ஒரு வீட்டில் சம்பாத்தியமும் போய் ஆஸ்பத்திரி வாசலிலும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்காக. முதலில் அவர்களுக்குத் தெரிய வேண்டியது, ரோடு விபத்தில் காயம்பட்டவருக்கு முதல் 7 நாளைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை தரும் மத்தியத் திட்டம் 2025 மே மாதத்திலிருந்து இருக்கிறது. தமிழ்நாட்டின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் விபத்துக்குத்தான், இது புதுச்சேரி எல்லை என்பதால் அதில் வராது. காரின் இன்சூரன்ஸ் நகலை அவர்களுக்கும் போலீஸுக்கும் தாமதிக்காமல் கொடுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தகவல் சொல்லுங்கள். ஓட்டுநர் போன் பார்த்தார் என்பதற்காக மூன்றாம் நபர் இழப்பீட்டிலிருந்து கம்பெனி நழுவ முடியாது, அவர் லைசென்ஸும் பாலிசியும் நடப்பில் இருந்தால் போதும். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அதை அவர்கள் காதில் போடுங்கள். அவர்கள் மனுப் போட்டால் உங்களுக்குக் கெடுதல் என்று நினைக்காதீர்கள், பணம் கம்பெனியிலிருந்துதான் போகும். நேரில் போவதாக இருந்தால் உங்கள் கணவர் இப்போது போக வேண்டாம், சாட்சியைக் கலைக்கப் பார்த்தார் என்று ஆகிவிடும். வீட்டுப் பெரியவர் ஒருவர், இரண்டு தரப்புக்கும் தெரிந்த ஒருவரோடு போய்வரட்டும், கொடுப்பதை ஆஸ்பத்திரி பில்லாகவோ வங்கி வழியாகவோ கொடுக்கட்டும், எதிலும் கையெழுத்துக் கேட்க வேண்டாம்.

வழக்கு எங்கே நடக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடலூரில் வக்கீல் பார்த்தால் போதும் என்று நினைத்திருப்பீர்கள். அந்த ரோட்டில் கன்னியகோவில் வரைக்கும் புதுச்சேரி, அதைத் தாண்டி ரெட்டிச்சாவடி வந்தால் தமிழ்நாடு. மோதல் புதுச்சேரி எல்லைக்குள் என்பதால் குற்ற வழக்கு புதுச்சேரி நீதிமன்றத்தில்தான் வரும், வாய்தாவுக்கு அங்கேதான் போக வேண்டும். அங்கே தினமும் ஆஜராகும் ஒருவரை வையுங்கள். முதல் வாய்தாவிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிடலாம், நேரம் மிச்சம் என்று யாராவது சொன்னால், பெரியவரின் உடல்நிலை ஒரு முடிவுக்கு வரும்வரை அதற்குச் சம்மதிக்காதீர்கள். ஒப்புக்கொண்டால் அது முழுத் தண்டனைத் தீர்ப்புதான், அவருடைய வேலையிலும் பாஸ்போர்ட்டிலும் கேள்வியாக வந்து நிற்கும்.

கடைசியாக, கார் ஓட்டலாமா என்று கேட்டீர்கள். லைசென்ஸை முடக்கி உத்தரவு வராதவரை சட்டப்படி ஓட்டலாம். ஆர்.டி.ஓ.விடமிருந்து 19-ஆவது பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரலாம். ஓட்டும்போது போன் பயன்படுத்தினால் குறைந்தது 3 மாதம் லைசென்ஸை முடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வந்தால் பதில் கொடுக்காமல் விடாதீர்கள், ஆனால் அந்தப் பதிலையும் வக்கீல் பார்த்த பிறகே அனுப்புங்கள், அதில் எழுதுவது நாளைக்குக் குற்ற வழக்கிலும் எடுத்துக்காட்டப்படும். என்னைக் கேட்டால், இந்த வழக்கு ஓடும்வரை அவர் பஸ்ஸிலேயே போய்வரட்டும். கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து புதுச்சேரிக்கு அடுத்தடுத்து வண்டி இருக்கிறது, நீங்கள் மெசேஜ் அனுப்பினாலும் பயமில்லாமல் பதில் போடலாம்.